திரையின் பின்பக்கப் பொத்தான்

ஜூலை 8, செவ்வாய்

ஃபாரிஸ் இன்று மானிட்டரைக் கொண்டுவந்து இறக்கினான். பழைய போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான். பேகம்பூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். என் தம்பி பாஸ்கலோடு பத்தாவது வரை படித்தவன். யாரோ வாங்கிச் சில மாதம் வைத்திருந்து விற்றதாம். கீறல் இல்லை. பெட்டியும் இல்லை, கையேடும் இல்லை.

பாஸ்கலுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. அது அவன் கண்ணில் மட்டும்தான் தெரியும். மற்றபடி நாற்காலியில் வைத்தது வைத்தபடி இருப்பான். தசைநோய் என் தம்பியிடம் விட்டுவைத்திருப்பது கழுத்து, வலது கை விரல்கள், இடது கட்டைவிரல். அதை வைத்துக்கொண்டுதான், பலகையில் ஒட்டிய ஒரு சின்னக் குச்சியால் கார் பந்தயம் ஓட்டுகிறான். எங்கெங்கோ இருக்கிறவர்களோடு போட்டி போட்டு ஜெயிக்கவும் செய்கிறான்.

பழைய திரையில் கார் வளைவில் திரும்பினால் படம் நடுவில் கிழியும். மரத்தின் மேல்பாதி ஒரு பக்கம், அடிப்பாதி ஒரு பக்கம். அதைப் பார்த்துப் பார்த்து அவனுக்குத் தலைவலி. கம்ப்யூட்டர் படம் அனுப்பும் வேகமும் திரை படம் மாற்றும் வேகமும் ஒத்துப்போகாததுதான் காரணம் என்று ஃபாரிஸ் சொன்னான். இந்தத் திரையில் அடாப்டிவ் சிங்க் என்று ஒன்று இருக்கிறதாம். கம்ப்யூட்டர் எந்த வேகத்தில் அனுப்புகிறதோ அதற்குத் தக்கபடி திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும்.

“அக்கா மாதிரி,” என்றான் பாஸ்கல். “நம்ம இழுத்த இழுப்புக்கு வரும்.”

ஃபாரிஸ் சிரித்தான். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 9, புதன்

அம்மா பள்ளிக்கூட வேலைக்குப் போன பிறகு மேசைக்கு அடியில் புகுந்தேன். பாஸ்கல் மேலிருந்து சொல்லச் சொல்ல வயர்களைப் பிடுங்கி மாட்டினேன். தலையில் சிலந்திவலை, முழங்கையில் தூசி. அவன் சொல்வது எல்லாம் சரிதான். ஆனால் “அது இல்லக்கா, அதுக்குப் பக்கத்துல” என்று அவன் நூறாவது தடவை சொன்னபோது அந்த வயரை அவன் வாயில் திணிக்கலாமா என்று தோன்றியது.

திரையின் பின்பக்கம், வலது ஓரத்தில் கீழே ஒரு பொத்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதை அமுக்கினால் மெனு வருகிறது, இப்படி அப்படித் தள்ளினால் மெனுவில் நகரலாம். அடாப்டிவ் சிங்க் என்ற வரி இருந்தது, ஆனால் சாம்பல் நிறத்தில். தேர்வு செய்ய விடவில்லை.

ஃபாரிஸுக்கு போன் போட்டேன். வயர்தான் காரணமாம். இருப்பது டி.வி.க்கு மாட்டுகிற வகை. இதற்கு டிஸ்ப்ளே போர்ட் வயர் வேண்டும். சனிக்கிழமை எடுத்து வாரேன் என்றான்.

பாஸ்கல் மதியம் சாப்பிடவில்லை. ஊட்டப் போனால் வாயை மூடிக்கொண்டான். வயருக்காக என் மேல் கோபம்.

ஜூலை 10, வியாழன்

தேவதர்ஷினி போனில் பேசினாள். கோயம்புத்தூரில் என்னோடு வேலை பார்த்தவள். துணியில் எந்திரம் போடும் பூவேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவதுதான் எங்கள் வேலை. அங்கே ஓர் இடம் காலியாகிறதாம். “சார் உன் பேரத்தான் சொல்றாரு ஷைனி. இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லிடு” என்றாள்.

அப்பா இறந்தபோது வேலையை விட்டுவிட்டு வந்தேன். கொஞ்ச நாளைக்கு என்றுதான் எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடியும் என்று யாரும் கேட்கவில்லை. நானே கேட்கவில்லையே.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? காலையில் பாஸ்கலைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோவது நான். குளிப்பாட்டுவது நான். அம்மாவுக்கு இடுப்பு வலி, அவளால் தூக்க முடியாது. முடிந்தது யோசனை.

வீட்டில் சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

வயர் வந்தது. மாட்டியதும் சாம்பல் வரி வெள்ளையானது. திரை மெனுவில் ஆன் செய்தேன். பிறகு கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டின் மென்பொருளிலும் ஆன் செய்ய வேண்டும், அதை பாஸ்கலே மவுஸால் செய்தான். விண்டோஸ் இன்னும் பழைய அறுபதிலேயே நின்றுகொண்டிருந்தது. அதை நூற்று அறுபத்தைந்துக்கு மாற்றினான். ஒரு நொடிக்கு அத்தனை தடவை படம் மாறுமாம். விளையாட்டு திரையை மிஞ்சி ஓடிவிடாமல், அதற்குச் சற்றுக் கீழே அதன் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தான்.

வண்டியை எடுத்தான். மலைப்பாதை. முதல் வளைவு. மரங்கள் முழுசாக நின்றன. தண்ணீர் வழிகிற மாதிரி ரோடு வழிந்தது.

“ஏலே மாப்ள, எப்பிடி?” என்றான் ஃபாரிஸ்.

பாஸ்கல் அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினான். அவன் கண்ணோரம் ஈரம். துடைத்துவிட வேண்டும், அவனால் முடியாதே. துடைக்கப் போனேன். “விடுக்கா, ஓட்டிட்டு இருக்கேன்ல” என்றான்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் அம்மா முதல் பூசைக்கு, நான் அடுத்த பூசைக்கு. இந்த வாரம் நான் வீட்டை விட்டு வெளியே இருந்தது அந்த நேரம்தான்.

ஜூலை 15, செவ்வாய்

புதுப் பிரச்சினை. பகல் பந்தயத்தில் ஒன்றுமில்லை. இரவுப் பந்தயம், சுரங்கப்பாதை என்று படம் இருட்டானால் திரை துடிக்கிறது, சாகப்போகிற ட்யூப்லைட் மாதிரி. பாஸ்கலுக்கு மறுபடி தலைவலி.

ஃபாரிஸ் போனில் விளக்கினான். “அந்த ஸ்கிரீனு நாப்பத்தெட்டுக்குக் கீழ எறங்காதுக்கா. நைட் ரேஸ்ல கம்ப்யூட்டர் திணறி அதுக்குக் கீழ போகுது. உடனே ஸ்கிரீனு ஒரே படத்த ரெண்டு தடவ காட்டிச் சமாளிக்கும். அங்கிட்டும் இங்கிட்டும் தாவுதுல்ல, அதுதான் மின்னுது. நிழலு, மழையெல்லாம் கொறைச்சு வைக்கச் சொல்லுங்க.”

குறைத்து வைத்தோம். கார் பந்தயத்தில் ஓரளவு அடங்கியது. ஆனால் அவன் விளையாடும் மற்ற இரண்டிலும் துடிப்பு போகவில்லை. அவற்றுக்கு சிங்க்கை அணைத்துவிட வேண்டும், பந்தயத்துக்குப் போட்டுவிட வேண்டும். பொத்தான் திரைக்குப் பின்னால். அவன் கை அங்கே போகாது.

ஜூலை 17, வியாழன்

“அக்கா, ஆஃப் பண்ணு.”

மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கை கழுவிப் போய் அணைத்தேன்.

“அக்கா, ஆன்.”

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து இறங்கினேன்.

“அக்கா, வெளிச்சத்தக் கொஞ்சம் கொறை. இன்னும். ஐயோ ரொம்பக் கொறைச்சிட்ட.”

வெஞ்சனம் அடுப்பில் அடிப்பிடித்துவிட்டது. அதையே சாப்பிட்டோம். அம்மா தட்டைக் கழுவி வைத்தாள்.

அவன் மேல் தப்பில்லை. எனக்குத் தெரியும். மூக்கு அரித்தால்கூட ஒருவரைக் கூப்பிட வேண்டியவன். ஆனால் “அக்கா” என்ற சத்தம் கேட்டாலே இப்போதெல்லாம் கையில் இருப்பதைப் போட்டு உடைக்கத் தோன்றுகிறது. கூப்பிடாதபோதும் காது அங்கேயே இருக்கிறது, கூப்பிடப் போகிறான் என்று.

ஜூலை 19, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

இன்று அவனுக்குப் பெரிய பந்தயம். பல வாரமாக நடந்த போட்டியின் கடைசிச் சுற்று. நான் குளித்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டான். சோப்பு நுரையோடு இருந்தேன். மறுபடி மறுபடி கூப்பிட்டான். அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். ஈரத் தலையோடு நைட்டியை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

“சிங்க்க ஆன் பண்ணு, சீக்கிரம், ஆரம்பிக்கப் போகுது.”

பொத்தானைத் தள்ளினேன். ஆன் செய்தால் திரை செத்த நேரம் கறுத்துத்தான் திரும்பும். அதற்குள் அங்கே பச்சை விளக்கு போட்டுவிட்டார்கள். திரை திரும்பியபோது அவன் கார் சுவரில் இருந்தது.

“ஒரு பட்டன நேரத்துக்கு அமுக்க முடியாதா? நாள் பூரா இங்க சும்மாதான இருக்க.”

சும்மா.

நான் என்னென்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. கத்தினேன். “எனக்குக் கோயம்புத்தூர்ல வேல வந்திருக்குடா. போகலாமா வேணாமான்னுகூட யோசிக்க முடியாம கெடக்கேன். உனக்கு ஸ்கிரீன் மின்னுது, அதான் பெரிய கவலை” என்றது மட்டும் நினைவிருக்கிறது. தலையிலிருந்து தண்ணீர் அவன் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை நான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. கார் சுவரில் முட்டியபடியே நின்றது. மற்ற கார்களெல்லாம் அடுத்த சுற்றுக்கு வந்து கடந்து போயின.

ஜூலை 20, ஞாயிறு

பேச்சில்லை. ஊட்டினேன், சாப்பிட்டான். துடைத்தேன். புரட்டிப் படுக்கவைத்தேன். அவன் கம்ப்யூட்டரைப் போடச் சொல்லவே இல்லை.

அம்மாவுக்கு வேலை விஷயம் தெரிந்துவிட்டது. அவன்தான் சொல்லியிருக்க வேண்டும். பூசையிலிருந்து வந்து சேலைகூட மாற்றாமல் அடுப்படியில் நின்றாள்.

“ஏண்டி எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா?”

அம்மா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு, “என்னால அவனத் தூக்க முடியாதுடி ஷைனி” என்றாள். வேறு எதுவும் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஜூலை 21, திங்கள்

காலையில் அவனே கூப்பிட்டான். “சிஸ்டத்தப் போடு.”

போட்டேன். நேற்று முழுவதும் படுத்தபடி இதைத்தான் யோசித்திருக்கிறான் போல. கிராபிக்ஸ் கார்டின் மென்பொருளில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக அமைத்து வைக்கலாமாம். கார் பந்தயம் திறந்தால் சிங்க் தானாக வரும், மற்றவை திறந்தால் தானாகப் போகும். பொத்தானுக்கு வேலையே இல்லை. வெளிச்சத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்கலாம் என்று திரைக்கு ஒரு அனுமதி கொடுக்க வேண்டும், அது மெனுவின் அடியில் எங்கோ கிடக்கிறது. அதை மட்டும் நான் போய் ஆன் செய்தேன். பிறகு மவுஸை நகர்த்தி அவனே வெளிச்சத்தைக் கூட்டினான், குறைத்தான், மறுபடி கூட்டினான். சின்னப் பிள்ளை ஸ்விட்சைப் போட்டு அணைப்பது மாதிரி.

“நான் போறதுக்காகவா இதெல்லாம்?” என்று கேட்டேன்.

“நீ போனா போ, போகாட்டி இரு. ஒன்னக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே வெறுத்துப்போச்சுக்கா. ஒவ்வொரு தடவையும் நீ மூச்ச இழுத்துட்டு வருவேல்ல, அது எனக்குக் கேக்கும்.”

மூச்சை இழுக்கிறேனா? எனக்குத் தெரியவே தெரியாது. இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டா இருந்தான்?

ஜூலை 24, வியாழன்

இன்று காலை முழுவதும் கூப்பிடவில்லை. மாவு ஆட்டி முடித்தேன், துணி காயப்போட்டு முடித்தேன். கூப்பிடவில்லை. எட்டிப் பார்த்தேன், இரவுப் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தான். திரை துடிக்கவில்லை.

அடுப்படியில் வந்து நின்றேன். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். தாகமாக இருக்குமோ, கால் மரத்திருக்குமோ என்று திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்தேன்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல.”

ஜூலை 26, சனி

பாஸ்கல் இன்று எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினான். ஃபாரிஸின் வாப்பாவைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்ட ஒருவர் இருக்கிறாராம். பாண்டியராஜ் என்று பெயர், ஆத்தூர்ப் பக்கம். முன்பு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி இறக்கும் வேலை பார்த்தவர். காலையும் சாயங்காலமும் வருவாராம். ஃபாரிஸிடம் பாஸ்கலே கேட்டு, அவரிடமும் பேசிவிட்டான்.

அம்மா, “வெளியாள் வந்து உன்னக் குளிப்பாட்டணுமா? ஒனக்குக் கூச்சமா இருக்காதா அப்பு?” என்றாள்.

“இருபத்தாறு வயசாச்சும்மா. அக்கா குளிப்பாட்டுறது மட்டும் கூச்சமா இல்லையா எனக்கு?”

நாங்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூலை 28, திங்கள்

பாண்டியராஜ் அண்ணன் வந்தார். கனமான ஆள், சத்தமில்லாமல் நடக்கிறார். நான் பாஸ்கலைத் தூக்கும் விதத்தைக் காட்டினேன். இடது தோளுக்கு அடியில் கை கொடுக்கக் கூடாது, அங்கே வலிக்கும். கழுத்து பின்னால் சாய்ந்துவிடாமல் என் தோளில் சாய்த்துக்கொள்வேன். “சரிம்மா, சரிம்மா” என்று கேட்டுக்கொண்டார்.

குளியலறைக் கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் பாஸ்கல் “ஆ” என்று கத்தினான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் கை தோளுக்கு அடியில்தான் இருந்தது. நான் சொல்லியும்.

“நீ வெளிய போக்கா,” என்றான் பாஸ்கல்.

“தோள்ல கை—”

“நான் சொல்லிக்கிறேன். எனக்கு வாய் இருக்கு. போ.”

வெளியே வந்து நின்றேன். உள்ளே பாஸ்கல் சொல்வதும் அவர் “இப்பிடியா தம்பி? இப்பக் கையக் குடுக்கவா?” என்று கேட்பதும் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம். நான் இல்லாமல் இந்த வீட்டில் என் தம்பி குளிக்கிறான். அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று எழுதினால் பொய்.

ஜூலை 30, புதன்

வருகிறேன் என்று தேவதர்ஷினியிடம் சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் பதினெட்டு சேர வேண்டும். 

ஆகஸ்ட் 8, வெள்ளி

நான் போகவில்லை. போக முடியாது.

திங்கட்கிழமை தம்பிக்குச் சளி பிடித்தது, செவ்வாய் காய்ச்சல். பாஸ்கலுக்குச் சளி என்றால் மற்றவர்களுக்கு மாதிரி இல்லை. இருமித் துப்ப நெஞ்சில் பலம் கிடையாது. நாம் அமுக்கிவிட வேண்டும். புதன்கிழமை உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்தார்கள். இன்று கொஞ்சம் பரவாயில்லை, வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நல்லவேளை நான் இங்கே இருந்தேன். இருந்ததால்தானே? இல்லாவிட்டால்? இதுதான் எனக்கு எழுதியிருக்கிறது. கதவு திறக்கிற மாதிரி திறக்கும், போய்ப் பார்த்தால் சுவர்.

ஆகஸ்ட் 9, சனி

தேவதர்ஷினியிடம் வரமுடியாது என்று சொல்லப் போவதாக பாஸ்கலிடம் சொன்னேன். ஆக்ஸிஜன் முகமூடியை எடுக்கச் சொன்னான். எடுத்தேன். பேச மூச்சு போதவில்லை, விட்டு விட்டுப் பேசினான்.

“புதன்கெழம... எனக்கு நெஞ்ச அமுக்குனது யாரு?”

நான் அவன் போர்வையை இழுத்துவிட்டேன்.

“பாண்டியண்ணன். நீ ஆம்புலன்சுக்கு... அழுதுட்டு போன் பண்ணிட்டு இருந்த.”

உண்மைதான். அவர்தான் அவனை முன்னால் சாய்த்துப் பிடித்து, சளி வரும்வரை அமுக்கினார். அவர் கை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது.

“எனக்கு ஏதாவது ஒண்ணு வந்துட்டுதான்க்கா இருக்கும். ஒண்ணுமே வராத நாளப் பாத்துதான் போவேன்னா... நீ எனக்கப்புறம்தான் போகணும். அதுக்கா காத்திருக்க?”

அவன் கோபமாகக் கேட்கவில்லை. நேரம் என்ன என்று கேட்கிற மாதிரி கேட்டான்.

நான் அதை நினைத்ததே இல்லையா? நினைத்திருக்கிறேன். துணி காயப்போடும்போது, மாவு ஆட்டும்போது. அவன் இல்லாமல்போனால் நான் எங்கே இருப்பேன் என்று. நினைத்த உடனே சிலுவை போட்டுக்கொள்வேன். அதுவும் அவனுக்குக் கேட்டிருக்கிறது போல.

முகமூடியைத் திரும்ப மாட்டிவிட்டேன். அவன் விரல் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேவதர்ஷினிக்கு போன் போடவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டான். வந்ததும் முதல் வேலை, “பாண்டியண்ணே, அந்தச் சிஸ்டத்தப் போடுங்க.”

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகப் பூசைக்குப் போனோம், அவனையும் வேனில் ஏற்றிக்கொண்டு. அம்மா முழு நேரமும் அழுதாள். மதியம் பஸ் ஸ்டாண்டுக்கு ஃபாரிஸ் கொண்டுவந்து விட்டான். கோயம்புத்தூர் பஸ், ஜன்னல் சீட்டு. ஒட்டன்சத்திரம் தாண்டும்வரை திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

டிசைன் போட உட்கார்ந்தால் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. எழுந்து நின்றுவிடுகிறேன். பக்கத்து நாற்காலியில் இருக்கிற பெண், “என்ன வேணுங்க?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் வீட்டுக்குப் பேசினேன். பாண்டியண்ணன் வந்து குளிப்பாட்டிவிட்டாராம். அம்மா இடுப்புக்கு எண்ணெய் போடுகிறாளாம், கொஞ்சம் தேவலையாம். இரவில் பாஸ்கலைப் புரட்டிவிட ஒரு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, அது மட்டும் கஷ்டம் என்றாள். சொல்லிவிட்டு, “அதெல்லாம் பழகிரும், நீ ஒண்ணும் நெனைக்காத” என்றாள்.

அவனிடம் கொடுக்கச் சொன்னேன். காதில் வைத்தாள். எஞ்சின் இரைச்சல் கேட்டது.

“அக்கா, ரேஸ் ஓடிட்டு இருக்கு. செத்த நேரம் கழிச்சு நானே பேசுறேன்.”

“சாப்டியாடா?”

“சாப்டேன், சாப்டேன். வைக்கவா?”

மதியம்வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். பேசவில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு தூங்கிவிட்டேன், எழுந்தபோது நாலு மணி. பகலில் இப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று.

சாயங்காலம் தேவதர்ஷினியோடு கடைத்தெருவுக்குப் போனேன். இத்தனை நாளும் அவள் அறையில் தங்கி, அவள் வாளியில்தான் குளித்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று ஒரு வாளி வாங்கினேன், மக்கும். நீலம் கேட்டேன், இல்லை. பச்சைதான் இருந்தது. பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன்.